அங்கேயும் ஓர் அம்மை சாமி... இருபது வருடங்கள் கழித்துப் புது ஆல்பம் போட்ட கோட்டோனூ இசைக்குழு!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கரையாம்புத்தூர் பக்கம் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். கரையாம்புத்தூர் மட்டுமல்ல, பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதே கதைதான். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். பம்பை, உடுக்கை, சிலம்பு என்று ஆட்கள் வந்து இறங்குவார்கள். பம்பைக்காரர் தாளத்தை மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுவார். ஒரு கட்டத்தில் கூட்டத்தில் யாராவது ஒரு அக்காவுக்கோ பெரியம்மாவுக்கோ சாமி வந்துவிடும். வேப்பிலையைக் கையில் கொடுப்பார்கள்.

இந்தக் காட்சியை அப்படியே தூக்கி மேற்கு ஆப்பிரிக்காவில் வைத்துப் பாருங்கள். பெரிதாக எதுவும் மாறாது. பெனின் என்ற குட்டி நாட்டில் சக்பாட்டா என்று ஒரு தெய்வம் உண்டு. மண்ணுக்கும் பெரியம்மைக்கும் உரிய தெய்வம். கோபம் வந்தால் அம்மையைக் கொடுக்கும், மனம் குளிர்ந்தால் அதே அம்மையிலிருந்து காக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம்மூரில் அம்மை வந்தவர்களை 'ஆத்தா வந்திருக்கா', 'முத்து போட்டிருக்கு' என்று மரியாதையோடு சொல்கிறோம் அல்லவா? அந்த மரியாதை அங்கேயும் உண்டு. அந்தச் சாமிக்கும் ஆட்டம் உண்டு, மேளம் உண்டு, அருள் வந்து ஆடுவதும் உண்டு.

அந்தச் சாமி மேளத்தை எலெக்ட்ரிக் கிட்டாரிலும் டிரம்ஸிலும் ஏற்றி, ஒரு நாட்டையே ஆட வைத்த இசைக்குழு ஒன்று இருந்தது. 1970களில் உச்சத்தில் இருந்துவிட்டு, 80களில் ஓய்ந்து போனது. குழுவில் சிலர் இறந்தார்கள், சிலர் பிரிந்தார்கள். உலகம் மறந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிறகு, தலை நரைத்த வயதில் மறுபடியும் ஒன்றுகூடி 2011ல் ஒரு புது ஆல்பம் போட்டார்கள். அவர்களின் பெயர், 'ஆர்கெஸ்தர் போலி-ரித்மோ த கோட்டோனூ'.

'போலி' என்றதும் டூப்ளிகேட் கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சில் அது 'பல' என்ற பொருளில் வருகிறது. போலி-ரித்மோ என்றால் பல தாளங்கள். கோட்டோனூ என்பது பெனினின் பெரிய நகரம். நம்மூரில் 'காரைக்குடி மணி', 'சீர்காழி கோவிந்தராஜன்' என்று ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோமே, அப்படி அவர்களும் ஊரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் 'து புய்சான்' என்று ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டது. 'சர்வ வல்லமை பொருந்திய' என்று அர்த்தம். நம் ஊர் கட்-அவுட் பட்டங்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை!

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன இரண்டு ஊர்

பெனினுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகத்தை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆறே வருடங்களில், 1960 ஆகஸ்ட் 1ஆம் தேதி, டஹோமே என்ற ஆப்பிரிக்கக் காலனி பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றது. அந்த டஹோமேதான் 1975ல் பெனின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் தலைநகரின் பெயர் போர்ட்டோ நோவோ. போர்ச்சுகீசிய மொழியில் 'புதுத் துறைமுகம்'. புதுச்சேரிக்கு அண்ணன் தம்பி முறை என்றே சொல்லலாம்.

பாகூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு பிரெஞ்சு ஆட்சியின் அடையாளத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சாலையில் போய்க்கொண்டே இருந்தால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி வரும். அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் அது. 'கொம்யூன்' என்ற சொல்லும், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை 'சொல்தா' என்று அழைக்கும் வழக்கமும் அப்படியே நின்றுவிட்டன.

இன்னும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நெய்து, அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த நீலத் துணிக்கு 'கினே' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே தயாரான சரக்கு. செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏறக்குறைய பணமாகவே புழங்கியது. பிசின் வாங்க வேண்டுமா, இத்தனை துணி கொடு என்று கணக்கு!

ஆக, நம் துணி அங்கே போனது. பாட்டு மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

எல்லாப் பாட்டும் வாசிக்கும் கச்சேரிக் குழு

1968ல் கோட்டோனூவில் மெலோமே க்ளெமோன் என்ற இளைஞர் இந்தக் குழுவைத் தொடங்கினார். அன்றைய கோட்டோனூ இரவில் தூங்காத ஊர். ஹோட்டல்களிலும் பார்களிலும் கச்சேரி நடக்கும். வருபவர்களில் ஒருவருக்கு க்யூபா நாட்டு ரும்பா வேண்டும், இன்னொருவருக்கு பக்கத்து கானாவின் ஹைலைஃப், வேறொருவருக்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் பிரவுன் பாணி ஃபங்க், காங்கோ பாட்டு, பிரெஞ்சு மெலடி. எதைக் கேட்டாலும் வாசித்தாக வேண்டும். வாசிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு குழுவைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எழுபது, எண்பதுகளில் நம் கிராமத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும். முதலில் சாமி பாட்டு. பிறகு எம்.ஜி.ஆர் பாட்டு ஒன்று, சிவாஜி பாட்டு ஒன்று. நடுவில் யாராவது சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள், அந்தப் பாட்டும் வர வேண்டும். இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடை ஏறி வளர்ந்தவர்தானே? மேடைதான் அவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம். போலி-ரித்மோவுக்கும் அப்படித்தான்.

வித்தியாசம் எங்கே வந்தது என்றால், இவர்கள் வெளியூர்ப் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சொந்த ஊர் கோயில் மேளத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு தாளங்கள் முக்கியம். ஒன்று சக்பாட்டா, மேலே சொன்ன அம்மை சாமியின் தாளம். இன்னொன்று சாட்டோ. ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மேளத்தைச் சுற்றி நின்று அடிப்பார்கள். இறந்தவர்களை நினைத்து வருடந்தோறும் செய்யும் சடங்குகளில் ஒலிக்கும் மேளம் அது.

இந்த வழிபாட்டுக்கு 'வோடூன்' என்று பெயர். ஆங்கிலப் படங்கள் புண்ணியத்தில் 'வூடூ' என்றதும் பொம்மையில் ஊசி குத்துவது, பில்லி சூனியம் என்றெல்லாம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. பெனின்காரர்களுக்கு அது குலதெய்வ வழிபாடு, அவ்வளவுதான். அங்கே ஜனவரி மாதத்தில் வோடூன் திருநாளுக்கு அரசு விடுமுறையே உண்டு.

குழுவில் இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டாரில் பாப்பிய்யோன். பிரெஞ்சில் 'பட்டாம்பூச்சி' என்று பொருள், பட்டப்பெயர்தான். டிரம்ஸில் லெயோபோல் யெஹூயெஸ்ஸி. பேஸ் கிட்டாரில் குஸ்தாவ் பென்தோ. சாக்ஸபோனில் பியேர் லோகோ. பாட்டுக்கு லோஹென்தோ எஸ்கில், வின்சென்ட் அஹெஹெஹின்னூ. ஃபோன், மினா, யொருபா, பிரெஞ்சு என்று பல மொழிகளில் பாடினார்கள். கேட்பவர் யாரோ, அவர் மொழியில் ஒரு பாட்டு இருக்கும்.

லாகோஸ் பக்கத்து வீடு

கோட்டோனூவிலிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் நைஜீரியாவின் லாகோஸ் நகரம். அந்த லாகோஸில்தான் ஃபெலா குட்டி என்ற பாடகரும் டோனி அலன் என்ற டிரம்மரும் 1970ஐ ஒட்டிய வருடங்களில் 'ஆஃப்ரோபீட்' என்ற பாணியை வார்த்து எடுத்தார்கள். ஜாஸ், ஹைலைஃப், ஃபங்க், யொருபா தாளம் எல்லாம் கலந்த கலவை. ஒரு பாட்டு பத்து நிமிடம், இருபது நிமிடம்கூட ஓடும். ஆட்சியில் இருப்பவர்களை நேருக்கு நேர் திட்டும் பாட்டுகள். அதற்கு விலையும் கொடுத்தார் ஃபெலா. 1977ல் ராணுவ வீரர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து அடித்து, எரித்தார்கள். அவருடைய தாயை ஜன்னல் வழியாகத் தூக்கி வீசினார்கள். அடுத்த வருடம் அந்த அம்மா இறந்தார்.

போலி-ரித்மோவுக்கும் லாகோஸ் பக்கத்து வீடு மாதிரி. காரணம், நல்ல ரெக்கார்டிங் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. போர்ட்டோ நோவோவில் அடிஸ்ஸா செய்தூ என்பவர் 'அல்பரிகா ஸ்டோர்' என்ற இசைத்தட்டு கம்பெனி நடத்தி வந்தார். குழுவை லாகோஸுக்கு அனுப்பி, இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் ரெக்கார்ட் செய்து தட்டு வெளியிடுவார். போகும் இடத்தின் காற்று ஒட்டாமல் இருக்குமா? ஆஃப்ரோபீட்டும் இவர்கள் பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால், ஃபெலாவின் நகலாக மாறிவிடவில்லை. பாட்டு மூன்று, நான்கு நிமிடமோ, ஒரு பக்கத் தட்டு முழுக்கவோ, அடியில் ஓடுவது சாட்டோவும் சக்பாட்டாவும்தான்.

அல்பரிகா கம்பெனிக்கு மட்டுமே பாட வேண்டும் என்று ஒப்பந்தம். ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! கேட்டு வந்த சின்னச் சின்ன கம்பெனிகளுக்கும் ரகசியமாகப் பாட்டு போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு லாகோஸ் போக முடியாது, மாட்டிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சுவிட்சர்லாந்து தயாரிப்பான நாக்ரா டேப் ரெக்கார்டர் ஒன்று, மைக் ஒன்றிரண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் முதலிலிருந்து மறுபடியும். பெரிய ஸ்டூடியோ பாட்டுகளைவிட இந்தத் திருட்டுப் பாட்டுகளில்தான் சூடு அதிகம் என்று இன்றைக்கும் வாதிடும் ரசிகர்கள் உண்டு. கேட்டுப் பார்த்தால், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். அறையின் எதிரொலிகூட அந்த டேப்பில் பதிந்திருக்கிறது.

இப்படியே மொத்தம் 500 பாட்டுக்குக் கிட்டே ரெக்கார்ட் செய்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். மற்ற பாடகர்களுக்குப் பின்னால் வாசித்தது தனி.

வரிசையாக விழுந்த அடி

1972 அக்டோபரில் மேஜர் மாத்தியூ கெரெக்கூ ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். கொஞ்ச காலத்தில் நாட்டை மார்க்சியப் பாதைக்குத் திருப்புவதாக அறிவித்தார். இசைக்குழுக்களும் புரட்சிக்குப் பாட வேண்டியதானது. ஆரம்பத்தில் தாக்குப்பிடித்தார்கள். 70களின் நடுவில்தான் இவர்களின் சிறந்த பாட்டுகள் பல வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வருடங்கள் போகப் போக இரவுக் கச்சேரிகள் குறைந்தன, கையில் காசு குறைந்தது. 1978ல் பாடகர் வின்சென்ட் குழுவிலிருந்து வெளியேறி, தனியாக ஆல்பம் போட்டார்.

80களின் தொடக்கத்தில் விழுந்த அடிதான் பலமானது. லிபியாவில் கச்சேரிக்குப் போன இடத்தில், கருவிகளுக்குள் போதைப்பொருள் ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்ட சுங்க அதிகாரிகள், அவற்றை உடைத்துப் போட்டார்கள். ஆம்ப்ளிஃபையர், கிட்டார் எல்லாம் போனது. ஒரு தவில்காரருக்குத் தவிலும், ஒரு நாகஸ்வரக்காரருக்கு நாயனமும் போனால் எப்படி இருக்கும்? அதே காலகட்டத்தில் கிட்டார் கலைஞர் பாப்பிய்யோனும், டிரம்மர் யெஹூயெஸ்ஸியும் அடுத்தடுத்து இறந்தார்கள். குழுவின் வலது கையும் இடது கையும் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு குழு மெல்ல ஓய்ந்தது. பெரிய அறிவிப்பெல்லாம் எதுவும் இல்லை. அவ்வப்போது ஏதாவது விழா என்றால் இருப்பவர்கள் சேர்ந்து வாசிப்பார்கள். வெளியூர் கிடையாது, புது ரெக்கார்டு கிடையாது. கேசட் போய் சி.டி. வந்தது. ஊர்த் திருமணங்களுக்கு டி.ஜே. வந்தார். கரையாம்புத்தூர் பக்கம் பத்து ஆள் மெல்லிசைக் குழு இருந்த இடத்தில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு லேப்டாப்பும் வந்ததே, அதே கதைதான்.

தட்டு தேடி வந்தவர், பேட்டி எடுக்க வந்தவர்

இங்கேதான் ஒரு விசித்திரம். குழு ஊரில் சும்மா இருக்க, அவர்களின் பழைய தட்டுகள் மட்டும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேகரிப்பாளர்கள் நடுவே விலை ஏறிக்கொண்டிருந்தன. தூசி படிந்த தட்டு ஒன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். பழைய தட்டு கை மாறினால் வாசித்தவருக்கு ஒரு பைசா கிடையாது. தங்கள் பாட்டு லண்டனில் ஓடுகிறது என்பதே கோட்டோனூவில் இருந்தவர்களுக்கு வந்து சேராத காலம் அது.

2004ல் லண்டனைச் சேர்ந்த சவுண்ட்வே என்ற நிறுவனம் இவர்களின் பழைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அடுத்த வருடம் சாமி பென் ரெட்ஜெப் என்பவர் பெனினுக்கு வந்து இறங்கினார். துனிசியாவைப் பூர்விகமாகக் கொண்டவர், ஜெர்மனியிலிருந்து 'அனலாக் ஆஃப்ரிக்கா' என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்துபவர். பழைய கடைகள், கிடங்குகள் என்று தட்டு தேடினார். பாடியவர்களையும் உரிமைக்காரர்களையும் தேடிப் போய்ப் பேசினார். அதன் பலனாக 2008லும் 2009லும் இரண்டு தொகுப்புகள் வந்தன. முதலாவது, சின்ன கம்பெனிகளுக்காக வீடுகளில் பதிவான பாட்டுகள். இரண்டாவது, அல்பரிகா ஸ்டோரின் பெட்டகத்திலிருந்து எடுத்தவை.

ஆனால் குழுவை மறுபடி மேடையில் ஏற்றிய பெருமை வேறொருவருக்கு உரியது. பெயர் எலோடி மையோ. பிரான்ஸ் வானொலியில் வேலை பார்த்த பத்திரிகையாளர். 2007ல் பேட்டிக்காக பெனினுக்குப் போய் இவர்களைத் தேடிப் பிடித்தார். அவர்கள் அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டார்கள்: எங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய் வாசிக்க வைக்க முடியுமா?

கேட்டவர்கள் அறுபதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். நாற்பது வருடமாக வாசித்தும் ஐரோப்பாவில் ஒரு மேடைகூட ஏறாதவர்கள். கேட்கப்பட்டவருக்கோ கச்சேரி ஏற்பாடு செய்யும் அனுபவமே கிடையாது. பேட்டி எடுத்தோமா, டேப்பைப் பையில் போட்டோமா, விமானம் ஏறினோமா என்று போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. கடைசியில் குழுவுக்கு அவரே மேனேஜர் ஆனார்.

இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள். செய்தியாளர் செய்திக்குள் இறங்கலாமா என்ற கேள்வி வகுப்பறையில் வரும். வகுப்பறைக்கு வெளியே, நரைத்த தலையோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்து இப்படிக் கேட்கும்போது பதில் அவ்வளவு சுலபமில்லை.

சேர்ந்தார்கள், பழைய சண்டை உட்பட

ஒரு குழுவை மறுபடி சேர்ப்பது என்றால் போன் போட்டு வரச்சொல்வது அல்ல. இறந்தவர்களின் இடத்தை யார் நிரப்புவது? பிரிந்து போனவர்களை எப்படிக் கூப்பிடுவது? முக்கியப் பாடகர் லோஹென்தோ எஸ்கில் 2006ல் இறந்துவிட்டார். எலோடி தேடி வந்ததற்கு முந்தைய வருடம்! பழைய ஆட்களில் க்ளெமோன் இருந்தார், பேஸ் கிட்டார் பென்தோ இருந்தார், சாக்ஸபோன் லோகோ இருந்தார். 1978ல் வெளியேறிய வின்சென்ட், முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தார். மிச்ச இடங்களில் அடுத்த தலைமுறை ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

2009ல் பாரீஸில் மேடை ஏறினார்கள். லண்டனிலும் வாசித்தார்கள். அரங்கில் ஆடியவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாட்டுகள் ரெக்கார்ட் ஆனபோது பிறந்தேகூட இருக்கமாட்டார்கள்.

பழைய பாட்டையே வாசித்து ஊர் சுற்றியிருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். ரீ-யூனியன் குழுக்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. இவர்கள் புது ஆல்பத்தில் கை வைத்தார்கள். பாரீஸில் ரெக்கார்டிங். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கருவியாக அடுக்கி, பிசிறு நீக்கிச் சேர்க்கும் இன்றைய முறையைத் தவிர்த்து, பழைய முறையில் அனலாக் டேப்பிலேயே பதிவு செய்தார்கள். இதை வெறும் பழமை மோகம் என்று சொல்லிவிட முடியாது. இவர்களின் இசையே ஒருவரை ஒருவர் பார்த்து, கண்ணசைவில் தாளத்தை மாற்றிக்கொள்ளும் இசை. பம்பைக்காரரைத் தனியாகவும் உடுக்கைக்காரரைத் தனியாகவும் பதிவு செய்து பிறகு ஒட்டினால் சாமி வருமா என்ன?

இந்தப் 'பல தாளம்' எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன பயிற்சி. வலது கையால் மேஜையில் சம இடைவெளியில் மூன்று தட்டுங்கள். அதே நேரத்துக்குள் இடது கையால் சம இடைவெளியில் இரண்டு தட்டுங்கள். இரண்டு கையும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக அடுத்த சுற்றுக்கு வர வேண்டும். கர்னாடக சங்கீதம் படிப்பவர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். திஸ்ரத்தை ஒரு கையிலும் சதுஸ்ரத்தை ஒரு கையிலும் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். போலி-ரித்மோவில் ஒரு கை வேலையை டிரம்ஸ் செய்யும், இன்னொரு கை வேலையை மணி மாதிரி ஒலிக்கும் இரும்புக் கருவி செய்யும். கிட்டார் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியில் போகும். காலுக்கு மட்டும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் ஆடத் தொடங்கிவிடும்.

2011 மார்ச்சில் ஸ்ட்ரட் என்ற நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் 'கோட்டோனூ க்ளப்'. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து வந்த முதல் புது ஆல்பம். அதில் சில பழைய பாட்டுகளைப் புதிதாக வாசித்திருக்கிறார்கள், மற்றவை புதியவை. தொடக்கக் கால ஹிட்டான 'க்பெட்டி மாட்ஜ்ரோ'வில் ஆஞ்சலிக் கிட்ஜோ சேர்ந்து பாடியிருக்கிறார். பெனினின் விதா நகரில் 1960ல் பிறந்த கிட்ஜோ, இன்று ஐந்து கிராமி விருதுகள் வாங்கிய உலகப் பாடகி. சின்ன வயதில் அவர் கேட்டு வளர்ந்த குழு இது. ஊரில் பாட்டு சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேடையில் அவர் வந்து நின்ற மாதிரி. மாலி நாட்டுப் பாடகி ஃபத்துமத்தா ஜவாராவும் ஒரு பாட்டில் உண்டு. கடைசிப் பாட்டில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் நிக் மெக்கார்த்தியும் பால் தாம்ஸனும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள்.

ஆல்பத்தின் பாட்டுப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு குடும்பச் சண்டை மாதிரி இருக்கிறது. ஒரு பாட்டுக்கு 'கோபப்படாதே' என்று பெயர். இன்னொன்றுக்கு 'மன்னிப்பு'. வேறொன்றுக்கு 'திருமணம்'. அப்புறம் 'அவனா, நானா?'. முப்பது வருடம் பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்புகளை உட்கார்ந்து யோசித்தாலும் பிடிக்க முடியாது.

எல்லாமே கச்சிதமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 70களின் நாக்ரா டேப்பில் இருந்த அந்த முரட்டுத்தனம் இதில் குறைவு. சத்தம் சுத்தமாக இருக்கிறது. குரல்களில் வயது தெரிகிறது. பாப்பிய்யோனின் கிட்டாரைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஓர் இடம் காலியாகத்தான் தோன்றும். ஆனால் பென்தோவின் பேஸ் கிட்டார் நுழையும் இடங்களில், நாற்பது வருட அனுபவம் என்ன செய்யும் என்பது புரிகிறது. ஒரு ஸ்வரம் கூடுதலாக வாசிக்கமாட்டார்.

தமிழ் மேளமும் ஆப்பிரிக்க மேளமும்

ஆப்பிரிக்கத் தாளமும் நம் மேளமும் ஒன்றாக ஒலித்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. அது நடந்த ஊர் ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிய தமிழர்கள், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களின் பாட்டு 'மலோயா'. கரும்புப் பூவின் தட்டைகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதை போட்டுக் குலுக்கும் 'கயாம்ப்' அதன் முக்கியக் கருவி. காலப்போக்கில் தமிழர் கோயில் மேளமும் அதோடு உரசிக்கொண்டது. தமிழ் வம்சாவளியில் வந்த ஜில்பேர் பூனியா 1979ல் அங்கே 'ஜிஸ்காகான்' என்ற குழுவைத் தொடங்கினார். 'எதுவரைக்கும்?' என்று அர்த்தம். 2009ல், போலி-ரித்மோ பாரீஸ் மேடை ஏறிய அதே வருடத்தில், மலோயாவை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கரையாம்புத்தூர் வட்டாரத்துப் பம்பைக் கலைஞர்கள் அடிக்கும் அடியில் பெரும்பகுதி இன்றைக்கு யார் மொபைலிலோ செங்குத்து வீடியோவாகத்தான் இருக்கிறது. வாசிப்பவர் பெயர்கூட அதில் இருக்காது. க்ளெமோன் குழுவுக்கு அந்த நாக்ரா டேப்பாவது மிஞ்சியது.

2012 டிசம்பர்

ஆல்பம் வந்த பிறகு கச்சேரிகள் தொடர்ந்தன. ஐரோப்பா, அமெரிக்கா என்று நாற்பது வருடம் தாமதமாக வந்த மேடைகள். அது நீண்ட நாள் நீடிக்கவில்லை. 2012 டிசம்பரில் மெலோமே க்ளெமோன் இறந்தார். 'கோட்டோனூ க்ளப்' வெளியாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இன்னும் ஐந்து வருடம் தாமதித்திருந்தால் இந்த ஆல்பமே வந்திருக்காது என்பதுதான் கணக்கு. எஸ்கிலுக்கு அந்த ஒரு வருடம் கிடைக்கவில்லை, க்ளெமோனுக்கு மூன்றரை வருடம் கிடைத்தது.

தலைவர் போனதோடு குழு முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. ஒரு காலத்தில் குழுவை விட்டு வெளியே போன அதே வின்சென்ட் முன்னால் வந்து நின்றார். 2016ல் 'மட்ஜஃபலாவோ' என்ற அடுத்த ஆல்பமும் வந்தது.

கேட்க விரும்புபவர்களுக்கு: யூடியூபிலும் பாட்டு ஆப்களிலும் குழுவின் பெயரை ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். முதலில் 2011 ஆல்பத்தில் கிட்ஜோ பாடும் 'க்பெட்டி மாட்ஜ்ரோ'. பிறகு அதே பாட்டின் பழைய வடிவம், லோஹென்தோ எஸ்கில் குரலில். அப்புறம் அனலாக் ஆஃப்ரிக்கா 2008ல் வெளியிட்ட தொகுப்புக்குப் போங்கள். மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம், பாதித் தாளம் காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு காதில் கொடுத்துப் பாருங்கள். ஆடி மாதத் திருவிழா பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டாவது நிமிடத்தில் காலைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.